வேன், படகு, குட்டி வீடு: லெட் ஆசிட்டா, லித்தியமா?

கரன்ட் கம்பி எட்டாத இடத்தில் வாழ நினைக்கிறவர்கள் முதலில் பேனலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை வாட் போடலாம், கூரையில் எத்தனை அடங்கும் என்று. பேனல் எளிதான பகுதி. வெயிலில் கிடந்து பல வருஷம் தன் வேலையைச் செய்யும். பணமும் நிம்மதியும் கரைகிற இடம் பேட்டரி. அதனால் இங்கே முக்கியமாக அதைத்தான் அலசப்போகிறேன்: 1859-இல் காஸ்டன் பிளான்டே உருவாக்கிய லெட் ஆசிட் ஒரு பக்கம், 1990-களின் பிற்பாதியில் வந்த லித்தியம் அயர்ன் பாஸ்பேட் (சுருக்கமாக எல்எஃப்பி) மறுபக்கம்.

இரண்டு பெட்டியிலும் "12 வோல்ட், 100 ஏஹெச்" என்றே எழுதியிருக்கும் (ஏஹெச் என்பது ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு). அந்த ஒரே எண்ணை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். லெட் ஆசிட்டில் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் சரசரவென்று குறையும். ஆக 12-ஐ 100-ஆல் பெருக்கி வரும் 1200 வாட் மணியில் 600 தான் உங்களுடையது. எல்எஃப்பியில் 80, 90 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். ஏறக்குறைய ஒரு யூனிட், அதாவது 1000 வாட் மணி கிடைக்கும். எடையைப் பாருங்கள்: 100 ஏஹெச் லெட் ஆசிட் 30 கிலோவை ஒட்டி வரும், எல்எஃப்பி 12 கிலோ அளவுதான். ஒரு எல்எஃப்பி தருவதைப் பெற இரண்டு லெட் ஆசிட் தூக்க வேண்டும். வேனில் அந்த வித்தியாசம் ஒரு வளர்ந்த பையனை எப்போதும் கூடவே ஏற்றிப் போவதற்குச் சமம்.

இன்னொன்றும் உண்டு. லெட் ஆசிட்டின் 100 ஏஹெச் என்பது பொதுவாக 20 மணி நேரத்தில், 5 ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. இன்வெர்ட்டரில் 1000 வாட் கெட்டிலைப் போட்டால் 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த வேகத்தில் கொள்ளளவு நன்றாகவே சுருங்கிவிடும். எல்எஃப்பி இதற்கெல்லாம் அசையாது.

என் முதல் பேட்டரி ஒன்றரை வருஷத்தில் செத்தது. மூடி திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வகை. தண்ணீர் குறைய விட்டதே இல்லை, பாதிக்குக் கீழே இறக்கியதும் இல்லை. ஆனாலும் கடைசி மாதங்களில் ராத்திரி ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதும் மீட்டர் 12.3-லிருந்து 11.6-க்கு விழும், நின்றதும் மெல்ல ஏறும். படுத்துக்கொண்டே அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்துக் கிடப்பேன். கடைசியில் மூடியைத் திறந்து டார்ச் அடித்தபோது தகடுகளில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை படிந்திருந்தது.

காரணம், அது ஒருநாளும் முழுசாக நிரம்பவில்லை. லெட் ஆசிட் 80 சதவீதம் வரை வேகமாக ஏறும்; மிச்சம் 20-ஐ ஏற்ற இன்னும் பல மணி நேரம் கேட்கும். கரன்டை எவ்வளவு கொடுத்தாலும் அந்தக் கட்டத்தில் அது கொஞ்சம்தான் வாங்கும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நிரம்பாமல் விட்ட ஒவ்வொரு நாளும் தகடுகளில் அந்த வெள்ளை, அதாவது ஈய சல்பேட், கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும். எல்எஃப்பிக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. பாதியில் விட்டாலும் கவலைப்படாது, சொல்லப்போனால் பாதியில் இருப்பதுதான் அதற்குப் பிடிக்கும். முக்கால்வாசி நிரம்பிய பிறகும் கிட்டத்தட்ட முழு வேகத்தில் வாங்கிக்கொள்ளும். சூரியனை மட்டும் நம்பி வாழ்கிறவர்களுக்கு, ஆயிரக்கணக்கான தடவை காலியாக்கி நிரப்பலாம் என்ற சுழற்சி ஆயுளைவிடவும் இதுதான் பெரிய வரம் என்பது என் கருத்து.

அப்படியானால் லெட் ஆசிட்டைத் தூக்கி எறிந்துவிடலாமா? அதுதான் இல்லை.

குளிரை எடுத்துக்கொள்வோம். 0 டிகிரிக்குக் கீழே எல்எஃப்பியை சார்ஜ் செய்யவே கூடாது. லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். நல்ல பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் மின்னணுச் சுற்று) தானாகவே சார்ஜை நிறுத்திவிடும். ஆனால் அப்போது பளிச்சென்று வெயில் அடித்தாலும் பேட்டரி காலியாகவே நிற்கும். பேட்டரியை வெளியே பெட்டியில் வைக்காமல் நாம் தூங்குகிற இடத்துக்குள் கொண்டுவருவது, அல்லது உள்ளேயே ஹீட்டர் உள்ள வகையை வாங்குவது, இரண்டில் ஒன்று செய்தாக வேண்டும். லெட் ஆசிட் உறைநிலையிலும் மெதுவாக சார்ஜ் ஏறும். ஆனால் அதைக் காலியாக விட்டால் உள்ளிருக்கும் அமிலம் தண்ணீர்போல் நீர்த்து உறைந்து பெட்டியையே பிளந்துவிடும்.

அடுத்தது ஆல்டர்னேட்டர், அதாவது என்ஜின் ஓடும்போது கரன்ட் தயாரிக்கும் கருவி. படகுக்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். எல்எஃப்பி கொடுத்த கரன்டையெல்லாம் விழுங்கும். சாதாரண ஆல்டர்னேட்டர் மணிக்கணக்கில் முழுச்சுமை தாங்காது, சூடாகி எரியும். அதைவிட மோசம், என்ஜின் ஓடும்போது பிஎம்எஸ் சட்டென்று பேட்டரியைத் துண்டிப்பது. கரன்டுக்குப் போக இடமில்லாமல் மின்னழுத்தம் எகிறி ஆல்டர்னேட்டரின் டையோடுகளை அடித்துவிடும். கூடவே ரேடியோ, ஜிபிஎஸ் எல்லாம் போகலாம். நடுக்கடலில் அது விளையாட்டல்ல. அதனால் என்ஜினை ஸ்டார்ட் பண்ண ஒரு லெட் ஆசிட், மற்ற உபயோகத்துக்கு எல்எஃப்பி, இடையில் ஆல்டர்னேட்டரின் கரன்டை அளவோடு எல்எஃப்பிக்கு விடும் ஒரு டிசி டிசி சார்ஜர். படகுக்கு நான் சொல்வது இந்தக் கூட்டணிதான். ஸ்டார்ட்டிங் பேட்டரி பெரும்பாலும் நிரம்பியே கிடக்கும். அந்த மாதிரி வேலைக்கு லெட் ஆசிட் இன்றைக்கும் கெட்டிக்காரன்.

எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்வதிலும் பழசு சுலபம். சும்மா நிற்கும்போது 12.7 என்றால் ஃபுல், 12.2 அருகே என்றால் பாதி. எல்எஃப்பியோ 90 சதவீதத்திலும் 30-லும் ஏறக்குறைய 13.3-க்கும் 13-க்கும் இடையிலேயே நிற்கும், அப்புறம் திடீரென்று விழும். ஷன்ட் (உள்ளே போகும், வெளியே வரும் கரன்டை அளக்க உதவும் சின்னக் கருவி) வைத்த மானிட்டர் இல்லாமல் அதை ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதுதான்.

தீ பயம் பலருக்கு இருக்கிறது. போன், லேப்டாப்பில் இருக்கும் லித்தியம் வகைகளைவிட எல்எஃப்பி வெப்பத்தை நன்றாகத் தாங்கும். எளிதில் பற்றிக்கொள்ளாது. ஆனால் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். சாதாரண கார் ஃபியூஸ் அதைத் துண்டிக்கத் திணறும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் போடுங்கள். லெட் ஆசிட்டும் சாது அல்ல, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். மூடிய அறையில் காற்றோட்டம் கட்டாயம்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வரும் சார்ஜ் கன்ட்ரோலரில் பெரிய விவாதம் தேவையில்லை. 100 வாட் பேனல் 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரும். பிடபிள்யூஎம் என்ற எளிய வகை அதை பேட்டரி வோல்ட்டுக்கு இழுத்துவிடுவதால் 70 வாட் அருகில்தான் உள்ளே போகும். கூடுதல் வோல்ட்டைக் கரன்டாக மாற்றித் தரும் எம்பிபிடி வகை 90-க்கு மேல் சேர்க்கும். கூரையில் இடம் குறைவு என்றால் எம்பிபிடிதான்.

வேனில் தினமும் காலியாகி தினமும் நிரம்பும், எடைக்கும் கணக்கு உண்டு. எல்எஃப்பியைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். குட்டி வீட்டில் எடை பொருட்டல்ல. முழுநேரம் வசித்தால் எல்எஃப்பி, அதையும் 12-க்குப் பதில் 24 வோல்ட்டில் அமைத்தால் கரன்ட் பாதியாகும், அதே கேபிளில் இழப்பு கால்வாசியாகும். வாரக்கடைசிக்கு மட்டும் போய்வரும் வீடு என்றால், பூட்டிக்கிடக்கும் நாளெல்லாம் பேனல் லெட் ஆசிட்டை நிரப்பியே வைத்திருக்கும். இரண்டு நாள் விளக்கு, போன் சார்ஜ், ஒரு ஃபேன், இவ்வளவுதான் தேவை. கையில் நல்ல நிலையில் ஒரு லெட் ஆசிட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கிளம்பும் முன் இன்வெர்ட்டரை மட்டும் மறக்காமல் அணையுங்கள். எதுவும் ஓடாமலே 10 வாட் குடித்தாலும் ஒரு நாளைக்கு 240 வாட் மணி, அந்த பேட்டரியில் நமக்குச் சொந்தமான 600-ல் கால்வாசிக்கு மேல்.