மீட்டர் மோந்து பார்க்கும், பல்பு குடித்துப் பார்க்கும்: கார் ஒயரிங் கோளாறுக்கு எது உதவும்?

குளச்சல் பக்கம், அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் வீடு. கார் நிற்பது தென்னைமூட்டில். ஒரு ஆனி மாத மழையில் வலது ஹெட்லைட் மங்கியது. புது பல்பு போட்டேன், அதுவும் மங்கல். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12.4 வோல்ட் காட்டுகிறது. கரண்ட் வருகிறது, பல்பு புதிது, வெளிச்சம் மட்டும் இல்லை.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி போட்டுகளில் ஒயரிங் வேலை பார்த்தவர். எட்டிப் பார்த்துவிட்டு, "மக்கா, மீட்டரு மோந்துதான் பாக்கும், குடிக்காது. பல்ப வச்சுப் பாரு" என்றார். ஹோல்டரோடு இரண்டு ஒயர் தொங்கும் ஒரு இண்டிகேட்டர் பல்பைக் கொண்டுவந்து அதே கனெக்டரில் தொட்டார். அணையப் போகிற தீக்கங்கு மாதிரி எரிந்தது. பிறகு ஒரு ஒயரை பேட்டரி பிளஸ்ஸில் பிடித்து, மற்றதை ஹெட்லைட்டின் எர்த் ஒயரில், அதாவது கரண்ட் கார் பாடி வழியே பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போகும் ஒயரில், வைத்தார், அதே கங்கு. அதை எடுத்து பேட்டரி மைனஸில் வைத்ததும் பளிச். குற்றவாளி எர்த். லைட்டுக்குப் பின்னால் பாடியில் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினால் உள்ளே பித்தளைக் குத்துவிளக்கில் பிடிப்பதுபோல் பச்சைக் களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முடுக்கி, மேலே வாசலின் தடவினோம். பல்புக்குக் கொடுத்த காசு வீண்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகாஓம் அளவில் இருக்கும். அது இழுப்பது ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். ஒயரில் ஒரே ஒரு நூலிழை உயிரோடிருந்தாலும் அதற்குப் போதும், முழு வோல்ட்டையும் காட்டிவிடும். 55 வாட் ஹெட்லைட்டுக்கோ நாலரை ஆம்பியர் வேண்டும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் ஆம்பியர் கேட்கும், அதனால் அரித்த ஒயரின் குட்டு உடைந்துவிடும். கடலோரம், போதாததற்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இருக்கிற நம் மாவட்டத்தில் பார்ட்ஸ் போவதைவிட இணைப்புகள் அரிப்பதுதான் நான் அதிகம் கண்டது. அதனால் லைட், ஹாரன், வைப்பர் என்றால் என் கை முதலில் பல்புக்குத்தான் போகும். எலி கடித்த ஒயரைத் தேடவும் அதுவே வசதி: தொட்டுக்கொண்டே போனால் எந்த இடத்தில் அணைகிறதோ அங்கே கோளாறு.

ஆனால் பல்பு எட்ட முடியாத இடங்கள் உண்டு. சென்சார் ஒயரிலோ, ஈசியூவுக்கு (காரின் கம்ப்யூட்டர்) போகும் ஒயரிலோ இந்தப் பல்பை வைத்தால் அது இழுக்கும் கரண்ட்டே உள்ளிருக்கும் சர்க்யூட்டைச் சுட்டுவிடலாம். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர் பக்கம் பல்பும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம்.

மீட்டரின் ராஜ்ஜியம் பேட்டரி. இரவு முழுக்க ஓய்வெடுத்த பேட்டரி 12.6 காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி. இஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8-லிருந்து 14.5 வரை வர வேண்டும், 12.5-லேயே நின்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் அதைச் சுற்றும் பெல்ட்டையும் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இஞ்சின் பிளாக்கிலும் வையுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கேபிள்தான் சங்கதி. புது பேட்டரி வாங்க ஓட வேண்டாம்.

வெளிநாட்டுக்குப் போனவர்களின் கார் மாதக்கணக்கில் கிடந்து பேட்டரி இறங்குவது இங்கே வீட்டுக்கு வீடு கேட்கிற கதை. அதற்கு மீட்டரை விட்டால் வழியில்லை. மைனஸ் கேபிளைக் கழற்றி நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி, கதவெல்லாம் பூட்டி, அரைமணி நேரம் பொறுங்கள். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாகப் பரவாயில்லை. அந்த 50-உம் சும்மா இல்லை: நாளுக்கு 1.2 ஆம்பியர் ஹவர் என்றால் 35 ஏ.எச். பேட்டரி இரண்டு வாரத்தில் பாதியாகும். 50-க்கு மேல் காட்டினால் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி, எதில் குறைகிறது என்று பாருங்கள். அந்த நேரம் செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் காலி. நான் அடித்திருக்கிறேன்.

காரில் செருகி, ஈசியூவில் பதிந்த கோளாறுகளை போனில் படிக்கிற ப்ளூடூத் ஸ்கேனருக்கு அதிகம் சொல்ல இல்லை. செக் இஞ்சின் விளக்கு எரிந்தால் பயன்படும். ஹாரன், ஹெட்லைட் விஷயத்தில் பெரும்பாலும் வாய் திறக்காது. பி0562 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் வோல்ட்டேஜ் குறைவு என்று அர்த்தம். பேட்டரி கிளாம்ப் பூத்ததாலா, பெல்ட் தளர்ந்ததாலா என்பதற்கு மறுபடி மீட்டரைத்தான் எடுக்க வேண்டும். ஸ்கேனரைச் செருகியபடியே விட்டுவிட்டால் அதுவே ராத்திரியெல்லாம் பேட்டரியைக் குடிக்கும்.

ஒன்றுக்குத்தான் காசு என்றால் மீட்டரை வாங்குங்கள். பல்பைக் கட்டிக்கொள்ளலாம்: பழைய ஹோல்டர், 21 வாட் பல்பு, இரண்டு முழ ஒயர், ஒரு முதலைக் கிளிப். கடையில் எல்இடி டெஸ்டரைக் காட்டினால் இதற்கு வேண்டாமென்று சொல்லுங்கள். அதுவும் மோந்து பார்க்கிற ஜாதிதான்.