ரெய்னிங் குதிரை: குட்டியா, போட்டி வயதா, பழகிய குதிரையா?

ரெய்னிங் என்பது குதிரையை வட்டமாக ஓட்டி, நின்ற இடத்திலேயே சுழலவைத்து, வேகத்தில் சறுக்கி நிறுத்திக் காட்டும் போட்டி. அதற்குக் குதிரை தேடுபவர் முன்னால் மூன்று வழிகள் உண்டு. இன்னும் சேணம் ஏறாத ஒரு வயதுக் குட்டி. மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் போட்டியில் ஓடும் குதிரை. பத்து வயது தாண்டிய, எல்லாம் பார்த்துவிட்ட பழைய குதிரை. இது உங்கள் முதல் ரெய்னிங் குதிரை என்றால், மூன்றாவதுதான் என் ஓட்டு.

குட்டியில் கவர்ச்சி அதிகம். நல்ல வம்சம், விலையும் கைக்கு எட்டும். ஆனால் அது களமிறங்க இரண்டு வருடமாவது ஆகும். அதுவரை தீவனம், லாடம், பயிற்சியாளர் கட்டணம் எல்லாம் உங்கள் தலையில். அவ்வளவும் செய்த பிறகு அதற்குச் சறுக்கி நிற்கும் மனசே இல்லை என்று தெரியவரலாம். வம்சம் பார்க்கும்போது மரபணுச் சோதனை அறிக்கையையும் கேளுங்கள். ரெய்னிங்கில் அதிகம் ஓடும் குவார்ட்டர் ஹார்ஸ் இனத்தில் ஹெர்டா என்று ஒரு பரம்பரை நோய் உண்டு. தோல் உறுதியில்லாமல் பிய்ந்துபோகும். பெரும்பாலும் இரண்டு வயதில் சேணம் கட்டத் தொடங்கும்போதுதான் வெளியே தெரியும். நோய் மரபணு தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் ஓட்டத் தடையில்லை, இனப்பெருக்கத்துக்குத்தான் யோசிக்க வேண்டும்.

போட்டி வயதுக் குதிரைதான் பார்க்க அழகு, வாங்க ஆபத்து. ஓக்லஹோமா சிட்டியில் ஆண்டுக் கடைசியில் நடக்கும் ஃபியூச்சுரிட்டி என்ற பெரிய போட்டி மூன்று வயதுக் குதிரைகளுக்கானது. அதற்குத் தயாராக இரண்டு வயதிலேயே கடும் பயிற்சி தொடங்கிவிடும். அங்கே தேறாதவை பிறகு விற்பனைக்கு வரும். தொழில்முறை ஓட்டுநருக்குப் போதாத குதிரை நமக்குத் தாராளமாகப் போதும் என்பது உண்மைதான். ஆனால் தேறாதது திறமை குறைவாலா, கால் வலியாலா? சறுக்கி நிற்கும் பாரம் பெருமளவு பின்னங்காலின் நடுவில் உள்ள ஹாக் மூட்டில் இறங்குகிறது. நாலு வயதிலேயே அந்த மூட்டில் அடிக்கடி வலி குறைக்கும் ஊசி போட்டிருந்தால் நான் விலகிவிடுவேன். இன்னொன்று, அது நாள்தோறும் தேர்ந்த கையில் பழகியது. நம் கால் கொஞ்சம் தப்பாகப் பட்டாலும் குழம்பிப்போகும். சில மாதத்தில் ஸ்பின், அதாவது நின்ற இடத்தில் சுழல்வது, கெட்டுவிடும்.

பழைய குதிரைக்கும் மூட்டு ஊசி இருக்கும். அந்த வயதில் அது சகஜம். எவ்வளவு இடைவெளியில் போடுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கால்நடை மருத்துவர் காலை மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிடும் சோதனையும் எக்ஸ்ரேயும் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மருத்துவர் விற்பவரின் ஆளாக இருக்கக் கூடாது.

பழைய குதிரையின் நிஜமான குறை வேறு: அதற்குப் பாடம் மனப்பாடம். நீங்கள் சொல்வதற்கு முன்பே நிற்கும், வட்டத்தின் நடுவில் தானாகவே லீட் (ஓட்டத்தில் முன்னே போகும் கால்) மாற்றும். ஓட்டிப் பார்க்கும்போது இதைச் செய்யுங்கள்: களத்தின் நீளத்துக்கு வேகமாக ஓட்டி, நிறுத்தாமல் சுற்றி வாருங்கள். இரண்டாம் முறையும் அப்படியே. கடிவாளம் தளர்ந்திருக்க, அமைதியாக ஓடுகிறதா, இல்லை பாதியிலேயே பின்பாகத்தைத் தாழ்த்தி சறுக்கப் பார்க்கிறதா? அப்புறம் ஸ்பின். வேகத்துக்கு மயங்க வேண்டாம். நீங்கள் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். போட்டியில் கால்வாசிச் சுற்றுக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ மதிப்பெண் பூஜ்யம். புள்ளிக் கணக்கு 70-இல் தொடங்கி, ஒவ்வொரு அசைவுக்கும் அதிகபட்சம் ஒன்றரை கூடும் அல்லது குறையும். அதனால் பிழையில்லாமல் 70 எடுக்கும் குதிரை, ஒரு நாள் 73, மறுநாள் பூஜ்யம் என்று ஆடும் குதிரையைவிடப் புதியவருக்கு எவ்வளவோ மேல்.

ஆணா பெண்ணா என்றால், காயடித்த ஆண் போதும், சரிதானே. காயடிக்காத விதைக் குதிரை வேண்டவே வேண்டாம்.

முகமெல்லாம் வெள்ளையும் நீலக் கண்ணுமாக ஒன்று வந்தால் காது கேட்கிறதா என்று கேளுங்கள். கன்னர் என்று அழைக்கப்பட்ட புகழ்பெற்ற ரெய்னிங் குதிரை கர்னல்ஸ் ஸ்மோக்கிங் கன் செவிடாக இருந்தது. அதன் வாரிசுகளிலும் செவிடானவை உண்டு. அதனாலேயே ஒதுக்க வேண்டியதில்லை, கூட்டத்தின் சத்தத்துக்கு மிரளாது. ‘வோ’ என்று கத்தி நிறுத்த முடியாது, அவ்வளவுதான். உட்காரும் விதத்தாலேயே நிறுத்தத் தெரிந்தவருக்கு அது சரிப்படும்.