கம்ப்ளீட் அனாடமி செயலி: டிசெக்‌ஷன் ஹால் மூடியபோது கிடைத்த துணை

2020 ஊரடங்கில், உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹால்கள் மூடியதும், டப்ளினில் உருவான இந்த முப்பரிமாணச் செயலி நிறைய மருத்துவ மாணவர்களுக்குக் கைகொடுத்தது. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்சஸ் படிக்க அருமை. கிளாவிக்கிள் (காறை எலும்பு), பெக்டோராலிஸ் மேஜர் (பெரிய மார்புத் தசை) இரண்டையும் திரையில் மறையுங்கள். அடியிலுள்ள சிறிய தசையான பெக்டோராலிஸ் மைனரை மட்டும் மறைக்காமல் மங்கலாக்குங்கள். அக்குள் வழியே போகும் ஆக்ஸிலரி தமனியின் 2ஆம் பகுதி இந்தத் தசையின் பின்னால்தான் ஓடுகிறது, பிளெக்சஸின் 3 கார்டுகளின் (நரம்புக் கற்றைகளின்) பெயர்களும் அந்தப் பகுதியை ஒட்டியே அமைந்தவை. தசையை நீக்கினால் அடையாளமே போய்விடும்.

கொழுப்பையும் ஃபேசியா எனும் உறைத் திசுவையும் விலக்கி நரம்பைத் தேடியெடுக்கும் பயிற்சி இதில் கிடைக்காது. பெரிய குறைதான். பிளெக்சஸிலிருந்து கிளம்பும் மஸ்குலோக்யூட்டேனியஸ் நரம்பு, வழக்கத்துக்கு மாறாகச் சிலருக்கு மேல்கைத் தசையான கோரகோபிரேக்கியாலிஸைத் துளைக்காமலே போகும். திரையில் மட்டும் பழகியவர் உண்மையான உடலில் தடுமாறுவார். பழைய போனில் படம் திணறும், டேப்லெட் நல்லது. ஸ்காபுலா (தோள்பட்டை) எலும்பு ஒன்றைக் கையில் வைத்து, அதன் கொக்கி போன்ற முனையான கோரகாய்டைத் தொட்டபடியே திரையைச் சுழற்றுங்கள். ஆழம் அப்போதுதான் பிடிபடும்.