லோன் செட்டில்மெண்ட் கம்பெனியில் சேரும் முன் இதைப் படியுங்கள்

"பாதிக் கடன் கட்டினால் போதும், ரெகவரி ஏஜெண்ட் தொல்லையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு விளம்பரம் உங்கள் போனிலும் வந்திருக்கும். என் தங்கை வீட்டுக்காரர் அப்படி ஒரு கம்பெனியை நம்பி ஒரு லட்சத்துக்கு மேல் இழந்துவிட்டார். கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, ஏறித்தான் இருக்கிறது.

அவர் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆர்டர் குறைந்து ஆட்களை நிறுத்தியபோது இவருக்கும் வேலை போனது. இரண்டு கிரெடிட் கார்டு, ஒரு பர்சனல் லோன், எல்லாம் சேர்த்து ஏழு லட்சம் சொச்சம். கார்டு பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் அளவில் வட்டி, அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மினிமம் டியூ (பில்லில் போடும் குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அசல் அசையாது. அந்த நிலையில் இருப்பவருக்கு யார் ஆறுதலாகப் பேசினாலும் நம்பத்தான் தோன்றும். அதைத் தெரிந்துதான் இவர்கள் பேசுகிறார்கள்.

அந்தக் கம்பெனிக்கு மாதம் ஆறாயிரம் சந்தா, பேங்க் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு கணக்கை முடித்து செட்டில் ஆனதும் தள்ளுபடித் தொகையில் 15 சதவீதம். இது கட்டணம். ஈ.எம்.ஐ. எல்லாவற்றையும் நிறுத்துங்கள், பேங்க் போனை எடுக்காதீர்கள், எங்கள் வக்கீல் பேசுவார். இது அறிவுரை. 90 நாள் தவணை தவறினால் பேங்க் அதை வாராக்கடன் கணக்கில் வைக்கும். அதற்குப் பிறகு பேங்க்கே பெரும்பாலும் செட்டில்மெண்டுக்கு இறங்கி வரும். அதுவரை இந்தக் கம்பெனி சும்மா காத்திருக்கிறது, அவ்வளவுதான். காத்திருப்பதற்குத்தான் சந்தா.

காத்திருந்த காலத்தில் நடந்ததை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. மாப்பிள்ளை போனை எடுக்காததால் தங்கைக்கும், தாராபுரத்தில் இருக்கும் அவருடைய அப்பாவுக்கும் போன் போனது. புது வேலை கிடைத்து முதல் சம்பளம் ஏறியதும், லோன் கொடுத்த அதே பேங்க் அந்த அக்கவுண்டிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டது. சம்பளக் கணக்கை மாற்றச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லவில்லை இந்தக் கம்பெனிக்காரர்கள். ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் முன் நடக்கும் விசாரணைக்கு) வந்தது. கம்பெனியின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். "டீம் பார்த்துக்கும் சார்" என்று பதில். யாரும் ஆஜராகவில்லை, இவர் இல்லாமலே உத்தரவு ஆகிவிட்டது. ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆனதற்குத் தனியாக இன்னொரு வக்கீல் நோட்டீஸ். கடன் கட்ட முடியாததற்காக மட்டும் ஜெயில் இல்லை என்பது சரி. ஆனால் செக் பவுன்ஸ் ஆனால் நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சட்டத்தின் 138-வது பிரிவு இருக்கிறது, ஆட்டோ டெபிட் பவுன்ஸுக்கு 2007-ஆம் வருஷத்து பேமெண்ட் அண்ட் செட்டில்மெண்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 25-வது பிரிவு இருக்கிறது. இரண்டிலுமே இரண்டு வருஷம் வரை தண்டனை உண்டு. "எல்லாவற்றையும் நிறுத்துங்கள்" என்று சொல்பவன் இதைச் சொல்ல வேண்டாமா?

அடுத்து வந்ததுதான் எனக்கு இன்னும் ஆறாதது. இன்னும் நாற்பதாயிரம் கொடுங்கள், மஞ்சள் கடுதாசி (திவால் மனு) போட்டு மொத்தக் கடனையும் அழித்துவிடலாம் என்றார்கள். முதலில் பைக்கையும் வீட்டில் இருக்கும் பங்கையும் மனைவி பேருக்கு மாற்றிவிடுங்கள் என்றும் சொன்னார்கள். நல்லவேளை, அந்தக் கட்டத்தில் தங்கை என்னிடம் வந்தாள். கோர்ட்டில் இருக்கும் ஒரு நண்பரிடம் கேட்டோம். 2016-இல் வந்த திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் அமலானது. நம்மைப் போன்றவர்களுக்கு 1920-ஆம் வருஷத்து மாகாண திவால் சட்டம்தான், சென்னைக்கு 1909-ஆம் வருஷத்துச் சட்டம். மனு போட்டதும் கடன் அழியாது. கோர்ட் திவாலானவர் என்று அறிவிக்க வேண்டும், சொத்து கோர்ட் கைக்குப் போகும், கடனிலிருந்து விடுதலை உத்தரவு தனியாக வாங்க வேண்டும். மனுவுக்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் வீட்டார் பேருக்குச் சும்மா எழுதிக் கொடுத்ததைக் கோர்ட் ரத்து செய்யலாம். அவர்கள் சொன்னபடி செய்திருந்தால் தங்கையும் கேஸில் மாட்டியிருப்பாள்.

பிறகு நாங்களே பேங்க்குக்குப் போனோம். வேலை போன கடிதம், இப்போதைய சம்பளச் சீட்டு, மாதம் எவ்வளவு முடியும் என்று ஒரு மனு, அவ்வளவுதான் கொண்டுபோனது. பர்சனல் லோனுக்குத் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டினார்கள். ஒரு கார்டுக்கு செட்டில்மெண்ட் ஆஃபர் கொடுத்தார்கள், ஒரு பைசா கமிஷன் இல்லை. இன்னொரு கார்டு லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) போகிறது. அங்கேயும் கட்டணம் கிடையாது. இலவச சட்ட உதவிக்கு 15100.

செட்டில்மெண்ட் எடுப்பவர்கள் பேங்க் லெட்டர் கையில் வராமல் பணம் கட்டாதீர்கள், கட்டிய பிறகு பாக்கி இல்லை என்ற நோ டியூ சர்டிபிகேட்டை வாங்காமல் விடாதீர்கள். சிபிலில் (நம் கடன் வரலாற்றைப் பதியும் நிறுவனம்) "செட்டில்டு" என்று ஏழு வருஷம் நிற்கும். ஆறு மாதத்தில் துடைத்துத் தருகிறோம் என்று இந்தக் கம்பெனி சொன்னது பச்சைப் பொய். முடிந்தால் செட்டில்மெண்டைவிட முழுசாகக் கட்டி முடிப்பதுதான் நல்லது, தவணை நீண்டாலும்.

போன் தொல்லைக்கும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது, வீட்டாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட்டிலேயே சொல்லிவிட்டது. பேங்க்கில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரத்துக்கு 14448.

செட்டில்மெண்ட் கம்பெனி மீது அங்கே புகார் எடுபடாது, அது ரிசர்வ் வங்கியின் கீழ் வருவதில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். நாங்கள் மனு போட்டிருக்கிறோம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. ஒப்பந்த நகல், பணம் அனுப்பிய ரசீதுகள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள், குரூப்பிலிருந்து உங்களைத் தூக்கிவிட்டால் பிறகு கிடைக்காது. மனு போட இரண்டு வருஷம்தான் அவகாசம்.