டொமைன் காசில் யாருக்கு எவ்வளவு? டொட் கொம், டொட் டிஈ, டொட் எல்கே

மருதமுனையில் கைத்தறிச் சாரம் விற்கும் கடைக்காரர் ஒருவர் தன் இணையதளத்துக்குப் பெயர் (டொமைன்) எடுத்தால், அந்தக் காசை இரண்டு பேர் பிரித்துக்கொள்கிறார்கள்: பெயர்ப் பட்டியலைப் பராமரிக்கும் ரெஜிஸ்ட்ரி, பெயரை விற்கும் ரெஜிஸ்ட்ரார். கல்முனையிலும் மட்டக்களப்பு டவுனிலும் வெப்சைட் செய்து கொடுக்கும் நம் பிள்ளைகள் அந்த ரெஜிஸ்ட்ராருக்கும் கீழே நிற்கும் ரீசெல்லர்கள், அதாவது வாங்கி விற்பவர்கள். மேலே எப்படிப் பிரிக்கிறார்களோ, மிச்சம்தான் இவர்களுக்கு.

டொட் கொம்மின் ரெஜிஸ்ட்ரி அமெரிக்க நிறுவனமான வெரிசைன். அது வாங்கும் மொத்த விற்பனை விலை எல்லா ரெஜிஸ்ட்ராருக்கும் ஒன்றே. பொதுமக்களுக்கு நேரடியாக விற்க அதற்கு அனுமதியில்லை. இதுவரை நியாயம்தான். ஆனால் ஒரு பெயருக்கு வருடத்துக்கு 2021 ஆகஸ்ட்வரை 7.85 டொலராக இருந்த அந்த விலை 2024 செப்டம்பரில் 10.26 ஆகிவிட்டது. வெரிசைனின் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு இயக்க இலாபம். கீழேயோ, கிளவுட்ஃப்ளேர் போன்ற ரெஜிஸ்ட்ரார்கள் கொள்விலைக்கே விற்கின்றன. போட்டி கீழே இருப்பவரை மட்டும் நெரிக்கிறது. மேலே இருப்பவருக்கு, டொட் கொம்மை நடத்தும் உரிமை தரும் ஒப்பந்தம் காவல்.

உண்மையான வேலை எங்கே நடக்கிறது? தவணை முடியும் பெயரைப் புதுப்பிக்கும் நேரத்தில். நினைவூட்டல் ஆங்கிலத்தில் வரும்; அதுவும் கட்டாருக்குப் போய்விட்ட மகனின் ஈமெயிலுக்கு. ரீசெல்லர் போன் எடுக்கிறார், கடைக்குப் போகிறார், ரொக்கமாக வாங்கித் தன் கார்டில் கட்டுகிறார். தவறவிட்டுப் பெயர் நீக்கப்பட்டால், மீட்க 30 நாள்தான். அதற்குத் தனிக் கட்டணம் வேறு. பெயரைக் காப்பாற்றித் தரும் இந்த அலைச்சலுக்கு டொட் கொம் கணக்கில் ஒரு சதமும் இல்லை.

ஜெர்மனியின் டொட் டிஈ வேறு மாதிரி. அதை நடத்தும் டெனிக் ஒரு கூட்டுறவுச் சங்கம். பெயர் விற்கும் நிறுவனங்களே அங்கத்தவர்கள், இலாப நோக்கமும் இல்லை. நேரடியாகப் பதிந்து கொடுத்தபோதும் அங்கத்தவர்களிடம் வாங்குவதைவிடப் பல மடங்கு விலை வைத்தது. விற்பவரின் வயிற்றில் அடிக்காத ஏற்பாடு. மூன்றில் என் ஓட்டு இதற்கே.

இலங்கையின் டொட் எல்கே, இலாப நோக்கற்ற எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியிடம் இருக்கிறது. ரூபாயில் கட்டலாம், காசு நாட்டுக்குள்ளேயே நிற்கிறது. 2010இல் தமிழிலேயே .இலங்கை கிடைத்ததும் இதன் வழியாகத்தான். சிக்கல், பொதுமக்களுக்கு நேரடியாகவும் அதுவே விற்பது. கல்முனை ரீசெல்லர் வாடிக்கையாளரைத் தேடிப்பிடித்து, விளக்கி, படிவம் நிரப்பிக் கொடுத்தாலும், அதே விலைக்கு ரெஜிஸ்ட்ரியிடமே போய்விடலாம் என்றால் அவர் எதை வைத்துப் பிழைப்பது?

கூட்டுறவு உடனே வேண்டும் என்று கேட்கவில்லை. டொட் எல்கேயின் நேரடி விலை, ரீசெல்லருக்குக் கொடுக்கும் மொத்த விற்பனை விலையைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு உயர்ந்திருக்கட்டும். ஒவ்வொரு புதுப்பித்தலிலும் ஒரு நிலையான தொகை, அந்த வாடிக்கையாளரைத் தமிழில் கவனித்துக்கொள்ளும் முகவருக்குப் போகட்டும். சதவீதமாக வேண்டாம்: பெயர் மலிவானாலும் விலை கூடியதானாலும் மருதமுனைக்குப் போய்வரும் பெற்றோல் செலவு ஒன்றுதான்.