ஹடோபி: பெயரில் இரண்டு வேலைகளைச் சுமந்த ஓர் அரசுச் சேவை

சட்டவிரோதப் பதிவிறக்கத்தைத் தடுக்க அரசுகள் எடுத்த நடவடிக்கைகளில், சாதாரண இணையச் சந்தாதாரரின் வீட்டு வாசல்வரை வந்தது பிரான்சின் ஹடோபி. அதன் முழுப் பெயரைத் தமிழில் சொன்னால், இணையத்தில் படைப்புகளைப் பரப்புவதற்கும் உரிமைகளைப் பாதுகாப்பதற்குமான உயர் ஆணையம். பெயரில் பரப்புதல் முதலில் வருகிறது, பாதுகாத்தல் அதன் பிறகுதான். 2009-ல் சட்டமாகி, 2010 அக்டோபரில் முதல் எச்சரிக்கை மின்னஞ்சல்களை அனுப்பத் தொடங்கி, 2022 ஜனவரி 1 அன்று வானொலி, தொலைக்காட்சி ஒழுங்குமுறை அமைப்போடு இணைக்கப்பட்டு ஆர்காம் என்ற புதிய அமைப்பாக மாறிய இதனை, வரிப்பணத்தில் நடந்த ஒரு பொதுச் சேவையாகவே இங்கே மதிப்பிடுகிறேன். அது யாருக்காக நடந்தது, அவர்கள் கைக்கு என்ன வந்து சேர்ந்தது, கடிதம் பெற்றவர் எப்படி நடத்தப்பட்டார் என்பவையே என் கேள்விகள்.

என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. எழுத்தை நம்பி வாழ்பவர்களில் நானும் ஒருவன். மூன்று ஆண்டுகள் உழைத்து எழுதிய என் நூலொன்று, யாரோ பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்த கோப்பாக எனக்கே ஒருநாள் வந்து சேர்ந்தது. 47-ஆம் பக்கத்தின் ஓரத்தில், தாளை அழுத்திப் பிடித்திருந்த கட்டைவிரலின் நிழல் விழுந்திருந்தது. அந்த விரலுக்கு உரியவர் தண்டிக்கப்பட வேண்டும் என்ற கோபத்தோடுதான் இத்தகைய சட்டங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஆகவே படைப்பாளிக்கு ஆதரவான ஒரு சேவையைக் குறை சொல்லும் விருப்பம் எனக்கு இயல்பில் கிடையாது.

சேவை இயங்கிய விதம் எளிமையானது. இசை, திரைப்பட உரிமையாளர்களின் சங்கங்கள் தனியார் நிறுவனம் ஒன்றை அமர்த்தி, பியர் டு பியர் வலையமைப்புகளில், அதாவது பயனர்கள் தங்கள் கணினிகளுக்கிடையே நேரடியாகக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வலையமைப்புகளில், தங்கள் படைப்புகளைப் பகிரும் ஐபி முகவரிகளை, அதாவது இணைய இணைப்புகளின் அடையாள எண்களைத் திரட்டின. அந்தப் பட்டியல் ஆணையத்துக்கு வந்ததும், ஆணையம் இணைய நிறுவனத்திடம் கேட்டு அந்த முகவரிக்கு உரிய சந்தாதாரரை அடையாளம் கண்டது. முதல் முறை மின்னஞ்சல் மட்டும் போனது. ஆறு மாதங்களுக்குள் மறுபடியும் சிக்கினால் இன்னொரு மின்னஞ்சலும் அதோடு ஒரு பதிவுத் தபாலும் போயின. அதற்கடுத்த ஓராண்டுக்குள் மூன்றாம் முறை அகப்பட்டால் கோப்பு அரசு வழக்கறிஞரிடம் அனுப்பப்படலாம், நீதிமன்றம் 1,500 யூரோ வரை அபராதம் விதிக்கலாம். பதிப்புரிமை மீறலுக்கு பிரெஞ்சுச் சட்டம் மூன்றாண்டுச் சிறையும் 300,000 யூரோ அபராதமும் வைத்திருக்கும்போது, அந்த வாளை உறையிலிருந்து எடுக்காமல் முதலில் எச்சரித்துப் பார்ப்பது என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான். வீட்டில் பிள்ளைகள் செய்த தவறுக்குப் பெற்றோரை உடனே நீதிமன்றத்துக்கு இழுக்காமல், படிப்படியாகச் சொல்லித் திருத்தும் வழி அது.

ஆனால் சேவையின் தரம் எண்ணத்தில் தெரிவதில்லை, கடிதத்தில்தான் தெரிகிறது. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் எச்சரிக்கைக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று வகுத்தபோது, தவறு நடந்த நாளும் நேரமும் இருக்க வேண்டும் என்றது. எந்தப் பாடல், எந்தப் படம் என்பதைக் கடிதம் வெளிப்படுத்தக்கூடாது என்றும் சொன்னது. குடும்பத்தில் ஒருவர் பார்த்ததை மற்றவர் அறிந்துவிடக் கூடாது என்ற அந்தரங்கக் கவலை இதன் பின்னால் இருக்கலாம், அதை மதிக்கிறேன். ஆயினும், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு குறிப்பிட்ட மணிக்கு உங்கள் இணைப்பின் வழியாக ஏதோ ஒன்று நடந்தது என்று மட்டும் சொல்லும் கடிதத்தை, வீட்டில் நான்கு பேர் ஒரே இணைப்பைப் பயன்படுத்தும் ஒருவர் என்ன செய்வார்? விவரம் வேண்டுமானால் அவரே எழுதிக் கேட்க வேண்டும். அதுவும் அந்த மின்னஞ்சல், இணைய நிறுவனத்திடம் பதிவாகியிருந்த முகவரிக்குத்தான் போனது. இணைப்பு வாங்கும்போது கொடுக்கப்பட்டு, பிறகு திறந்தே பார்க்காத அஞ்சல்பெட்டி எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதை நினைத்தால், முதல் எச்சரிக்கை கிடைக்காமலே இரண்டாவது பதிவுத் தபால் வந்து திகைத்தவர்களின் நிலை புரியும்.

எனக்கு மிகவும் உறுத்துவது அடுத்த செய்தி. இந்தச் சேவை தண்டித்தது பதிவிறக்கம் என்ற செயலுக்காக அல்ல, இணைப்பைச் சரியாகப் பாதுகாக்கவில்லை என்ற கவனக்குறைவுக்காக. யார் பதிவிறக்கினார் என்பதை ஐபி முகவரி சொல்லாது என்பதால், கைக்கு எட்டிய சந்தாதாரரின் மேல் பொறுப்பை ஏற்றிவிட்டார்கள். 2012 செப்டம்பரில் இந்தச் சட்டத்தின்கீழ் முதன்முதலாக அபராதம் கட்டியவர் ஒரு கைவினைத் தொழிலாளி. பாடல்களைப் பதிவிறக்கியவர் தன் மனைவி என்று அவர் நீதிமன்றத்தில் சொன்னார். அப்படிச் சொன்னதே, தன் இணைப்பை வேறொருவர் தவறாகப் பயன்படுத்த விட்டார் என்பதற்குச் சான்றாகி, 150 யூரோ அபராதம் அவர் தலையில் விழுந்தது. இணைப்பைப் பாதுகாக்க வேண்டும் என்று கட்டளையிட்ட சட்டம், எந்த மென்பொருளால் பாதுகாக்கலாம் என்று ஆணையம் சான்று வழங்கும் என்றும் சொல்லியிருந்தது. அப்படிச் சான்று பெற்ற மென்பொருள் ஒன்றுகூடக் கடைசிவரை வரவில்லை. பூட்டு எங்கே கிடைக்கும் என்று சொல்லாமல், வீட்டைப் பூட்டாததற்கு அபராதம் கேட்கும் சேவையை நல்ல சேவை என்று என்னால் சொல்ல முடியாது.

இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரத்தைப் பற்றித்தான் அந்நாட்களில் பெரிய கூச்சல் எழுந்தது. நீதிபதி இல்லாமல் ஆணையமே துண்டிக்கலாம் என்று முதலில் எழுதப்பட்டதை, பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் 2009 ஜூன் 10 அன்று நீக்கியது. கருத்துச் சுதந்திரத்தைப் பேசும் 1789-ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனம் இணையத்தை அணுகும் உரிமையையும் உள்ளடக்கும் என்பது அதன் வாதம். அதன்பின் அந்த அதிகாரம் நீதிபதியிடம் போனது, 2013 ஜூலையில் கவனக்குறைவுக் குற்றத்துக்கு அதுவும் எடுக்கப்பட்டது.

செலவுக் கணக்கைப் பார்த்தால் மனம் கனக்கிறது. பத்தாண்டுகளில் பொதுப்பணத்திலிருந்து சுமார் 82 மில்லியன் யூரோ செலவான நிலையில், விதிக்கப்பட்ட அபராதம் ஏறத்தாழ 87,000 யூரோ என்று 2020-ல் பிரெஞ்சு ஊடகங்கள் எழுதின. அபராதம் வசூலிப்பது சேவையின் நோக்கமல்ல என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வது சரியே. எச்சரிக்கையிலேயே ஒருவர் திருந்திவிட்டால் அதுதான் வெற்றி. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு காசும் பாடியவருக்கோ எழுதியவருக்கோ படத்தொகுப்பாளருக்கோ போகவில்லை என்பதும் அதே அளவு உண்மை. மேலும், சேவையின் கண் பியர் டு பியர் வலையமைப்பை மட்டுமே பார்த்தது. மக்கள் நேரடிப் பதிவிறக்கத்துக்கும் ஸ்ட்ரீமிங் தளங்களுக்கும் நகர்ந்தபோது, பழைய தெருவிலேயே காவல் நின்றுகொண்டிருந்தது.

வேறு வழி இருந்ததா? இருந்தது. 2005 டிசம்பர் 21 இரவு, பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவை 30-க்கு 28 என்ற வாக்குகளில், மாதம் ஒரு தொகையைச் செலுத்திவிட்டு வணிக நோக்கமின்றிப் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் திட்டத்தின் பக்கம் சாய்ந்தது. சில மாதங்களில் அது கைவிடப்பட்டது. வெற்று ஒலிநாடாக்களின் விலையில் ஒரு பகுதியைப் படைப்பாளிகளுக்கு ஒதுக்கும் முறையை 1985-லேயே சட்டமாக்கிய நாடு அது என்பதால், அந்த இரவின் எண்ணம் வெறும் கனவு அல்ல. படைப்பாளி என்ற முறையில் எனக்கு அதில் தயக்கங்கள் உண்டு. பொதுவாக வசூலாகும் தொகையைப் பங்கிடும்போது, சிறிய மொழியில் சிலருக்காக மட்டும் எழுதுபவருக்கு என்ன மிஞ்சும் என்பது கடினமான கேள்வி. இருந்தாலும் அது உழைத்தவருக்குப் பணம் சேர்ப்பதைப் பற்றிய விவாதம். அதைவிட்டுக் கடிதம் அனுப்புவதற்குப் போனது இழப்பு.

பதிப்புரிமை மீறல் எவ்வளவு எளிதாக நேர்ந்துவிடும் என்பதற்கு ஆணையத்தின் கதையிலேயே சான்று இருக்கிறது. 2010 ஜனவரியில் அறிமுகமான அதன் சின்னத்தில், வேறொரு நிறுவனத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட எழுத்துரு அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டிருந்தது. வடிவமைப்பாளர் சுட்டிக்காட்டியபின் சின்னம் மாற்றப்பட்டது. உரிமையைக் காக்க வந்தவர்களிடமே, தீய நோக்கம் எதுவுமின்றி இது நடந்தது என்றால், வீட்டில் கணினியின் முன் அமர்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் பொறுமை காட்டக் காரணம் இருக்கிறது.

ஆர்காம் எச்சரிக்கைக் கடிதங்களைத் தொடர்கிறது. திருட்டுத் தளங்களின் நகல் தளங்களை முடக்குவது, விளையாட்டுப் போட்டிகளைச் சட்டவிரோதமாக ஒளிபரப்பும் தளங்களை நீதிமன்ற ஆணையோடு தடுப்பது என அதன் கவனம் இப்போது விற்பவர் பக்கமும் திரும்பியிருக்கிறது. ஐபி முகவரியை வைத்துச் சந்தாதாரரை அடையாளம் காண்பதை ஐரோப்பிய நீதிமன்றம் 2024 ஏப்ரல் 30 அன்று கடும் நிபந்தனைகளோடு அனுமதித்தது. இந்தத் திருப்பத்தை வரவேற்கிறேன். திருட்டில் லாபம் பார்ப்பவரை விட்டுவிட்டு, பார்த்தவரைப் பிடித்துக்கொண்டிருந்தது நெடுநாள் தவறு.

இந்தச் சேவையில் நான் மனதாரப் பாராட்டும் பகுதி ஒன்று உண்டு, அது அதிகம் பேசப்படவில்லை. 2013 டிசம்பரில் ஆணையம், சட்டபூர்வமாகப் படம், இசை, நூல் கிடைக்கும் இடங்களைத் திரட்டித் தரும் ஒரு தளத்தைத் திறந்தது. அங்கே ஒரு படிவமும் இருந்தது. தேடியும் சட்டபூர்வமாக எங்கும் கிடைக்காத படைப்பை வாசகர் அதில் தெரிவிக்கலாம், ஆணையம் உரிமையாளரைத் தொடர்புகொண்டு காரணம் கேட்கும். பெயரில் முதலில் இருந்த பரப்புதல் என்ற வேலை இங்கேதான் நடந்தது. எச்சரிக்கைக் கடிதங்களுக்குச் சென்ற பணத்திலும் கவனத்திலும் பாதி இந்தப் படிவத்துக்குச் சென்றிருந்தால், இந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

அந்த ஸ்கேன் கோப்பை அனுப்பியவரிடம், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்டிருந்தேன். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஓராண்டாகக் கடைகளில் தேடியதாகவும், நூலகத்துப் பிரதியைத்தான் ஸ்கேன் செய்ததாகவும் எழுதினார். அவர் சொன்னது உண்மை. நூல் அச்சில் இல்லாமல் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன, மின்னூலாக வெளியிட நானும் பதிப்பாளரும் முயலவே இல்லை. பிரான்சில் இருந்தது போன்ற ஒரு படிவம் அவர் கைக்கு எட்டியிருந்தால், அவருடைய கடிதம் கோப்புக்கு முன்பே என்னிடம் வந்திருக்கும். மின்னூல் அடுத்த மாதம் வெளியாகிறது. முதல் பிரதியை அவருக்கு அனுப்பப் போகிறேன்.