சிவன்மலை உத்தரவுப் பெட்டியைக் காணப் போகிறவர்களுக்கு

காங்கேயத்துக்கு அருகே, திருப்பூர் செல்லும் வழியில் உள்ள சிவன்மலை சுப்பிரமணிய சுவாமி கோயிலுக்கு ஐந்து ஆண்டுகளாகப் போய்வருகிறேன். அருணகிரிநாதர் பாடிய தலம். தைப்பூசத் தேர் இங்கே பெரிய விழா. மேலே செல்லப் படிவழியும் உண்டு, வண்டிகள் ஏறும் மலைப்பாதையும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்காமல் சாலைவழியே போகலாம். முடிந்தவர்கள் வெயில் ஏறும் முன்பே படியேறிவிடுவது நல்லது. கிருத்திகை, சஷ்டி நாள்களில் கூட்டம் நெருக்கும் என்பதால், நின்று வணங்க விரும்புகிறவர்கள் சாதாரண நாளின் காலையைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனாலும் பலர் இங்கே வருவது உத்தரவுப் பெட்டிக்காகத்தான். பக்தர் ஒருவரின் கனவில் ஆண்டவன் வந்து ஒரு பொருளைச் சொன்னால், அவர் கோயிலுக்கு வந்து அதைத் தெரிவிக்கிறார். சுவாமியின் முன் பூப்போட்டுக் கேட்கிறார்கள். வெள்ளைப் பூ வந்தால்தான் உத்தரவு. அதன்பின் அந்தப் பொருள் கல்தூணில் உள்ள கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும். அது எத்தனை நாள் இருக்கும் என்பதற்குக் கணக்கு இல்லை. இன்னொருவருக்கு அடுத்த உத்தரவு வரும்வரை இருக்கும். மண், தண்ணீர், மஞ்சள், சைக்கிள், துப்பாக்கி என்று எத்தனையோ பொருள்கள் இங்கே இருந்திருக்கின்றன.

மண் வைத்தால் நில விலை ஏறும், தண்ணீர் வைத்தால் வெள்ளம் வரும் என்று பொருள் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் பரவலாக இருக்கிறது. அதற்காக மட்டும் மலையேறுவது எனக்கு உவப்பானதல்ல. நானும் முதன்முறை அப்படித்தான் ஏறினேன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பன்னிரண்டு ஆண்டுகள் பவர்டேபிளில் தைத்தவள் நான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மூடிய கம்பெனி மீண்டும் திறக்கவேயில்லை. கட்டிங் மாஸ்டரான என் கணவருக்கும் அதே நிலைதான். வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு மாமியாரின் ஊருக்கு வந்தோம். அங்கே இருந்தவை இரண்டு மாடுகளும் ஒரு சாளை வீடும்தான். மறு ஆண்டு, ‘திருப்பூருக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா’ என்ற கேள்வியோடு பெட்டியின் முன் போய் நின்றேன். பலர் கைவைத்து வணங்கியதால் கண்ணாடியில் திருநீற்று விரல்தடங்கள் படிந்திருந்தன. உள்ளே ஓர் அளவுப்படியில் நெல். அதை எனக்கான பதிலாகப் படிக்க முயன்று நெடுநேரம் நின்றிருந்தேன். பக்கத்தில் நெற்றியைக் கண்ணாடியில் ஒற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம், “ஏனுங்கய்யா, நெல்லு வெச்சா என்னங்க அர்த்தம்?” என்று கேட்டேன். “வெக்கச் சொன்னான், வெச்சிருக்கறாங்க. எதுக்குன்னு அவனுக்குத் தெரியும் கண்ணு. நீ கும்பிட்டுப் போ” என்றார்.

கனவு கண்டவருக்கும் அந்தப் பொருள் எதற்கென்று தெரியாது; பூப்போட்டுக் கேட்ட அர்ச்சகருக்கும் தெரியாது. காரணம் கேட்காமல், சொன்னதை அப்படியே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். காலங்காலமாக ஒரு கோயிலே அப்படிக் காத்திருக்கும்போது, ஓர் ஆண்டில் எனக்கு விளக்கம் வந்தாக வேண்டும் என்று நான் முருகனிடம் வழக்காடிக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. பதில் கிடைக்காமலேதான் இறங்கினேன். ஆனால் அன்றிரவு, வேலை போன நாளிலிருந்து வராத உறக்கம் வந்தது. மறுநாள் விடியலில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றினேன். இன்று ஆறு மாடுகள் நிற்கின்றன. தையல் கூலியைவிட இது அதிகம் என்று சொல்ல மாட்டேன். சில மாதம் தீவனத்துக்கே போய்விடுகிறது. ஆயினும் அவன் கொண்டுவந்து விட்ட இடம் இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே, போகிறவர்கள் பெட்டியைப் பார்த்த கையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், மூலவரை நிதானமாக வணங்கி, மண்டபத்தில் சற்று நேரம் அமர்ந்துவிட்டு வாருங்கள். மேலிருந்து பார்த்தால் காங்கேயத்துக் காடுகளும் தென்னந்தோப்புகளும் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும். வரும் கிருத்திகைக்கு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கும் மகளை அழைத்துக்கொண்டு படிவழியே ஏறுவதாக இருக்கிறேன். அவளும் ஒரு கேள்வி வைத்திருக்கிறாள்.